கில்பட் காட்டிய பள்ளிக்கூடம்

“டொல்பின் பாக்க வந்தவங்க ஏன் பள்ளிக்கூடம் கேக்கிறாங்க?” என்றார் நிக்கொலஸ்.

“எனக்கென்ன காது கேக்காதா? ‘ஸ்கூல்’ எண்டு ரெண்டு தரம் சொன்னாங்க. மூணு மாசம் ஸ்கூல்லயே கிடந்து வந்தவனுக்கு அந்தச் சொல்லு விளங்காதா?” என்றார் கில்பட்.

கற்பிட்டிக் கரையில் காலை ஏழு மணி. படகு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. செம்மஞ்சள் நிற லைஃப் ஜக்கெட் மாட்டிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கெமராவும் தொப்பியுமாக அதன் பக்கத்தில் நின்றார்கள். அந்த அம்மா கேட்ட நீளமான கேள்வியில் கில்பட்டின் கையில் சிக்கியவை மூன்றே மூன்று சொற்கள். பிக், ஸ்கூல், டுடே. பெரிய பள்ளிக்கூடம், இன்றைக்கு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

“வெள்ளக்காரங்க அப்பிடித்தான் மச்சான். மால்ட்டாவில எங்கட டீச்சர் லீவு நாளில கல்லறை பாக்கப் போவா. நீ ஓட்டோவக் கூப்பிடு.”

நிக்கொலஸ் படகுச் சங்கத்தின் தலைவர். கில்பட்டை ஆங்கிலம் படிக்க மால்ட்டாவுக்கு அனுப்பியது அந்தச் சங்கம்தான். அங்கே முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருந்த யூஜினி, கில்பட்டின் காலஞ்சென்ற மனைவி அல்பொன்சாவின் தங்கை. தங்கியது அவள் வீட்டில். ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலம் சித்தியடைந்த நாலு இளைஞர்கள் சங்கத்தில் இருக்க, ஐம்பத்திரண்டு வயதான தன்னை ஏன் தெரிவு செய்தார்கள் என்பது கில்பட்டுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்த நன்றி நெஞ்சு முட்ட நின்றது.

திரும்பி வந்த நாளிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த பிரேசில் இறைச்சிக்கடைக்காரர், டப்பாவில் ஒலிவ் காய் கொண்டுவந்து ஊட்டிவிட்ட துருக்கி அம்மா, தினமும் காலையில் ஒவ்வொருவரிடமும் ‘எப்பிடிச் சுகம்?’ என்று கேட்டு, பதில் வரும்வரை முன்னாலேயே நிற்கும் டீச்சர் என்று கரையில் எல்லோருக்கும் அவர்கள் எல்லோரையும் தெரியும். அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். கடைசிப் பரீட்சையில் நூற்றுக்குப் பதினாலு. மனதில் நின்ற ஒரே பாடம், ரயில் நிலையத்துக்கு வழி கேட்பது. மால்ட்டாவிலும் ரயில் இல்லை, கற்பிட்டியிலும் ரயில் இல்லை.

அனுப்பி வைத்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? அதனால்தான் அந்த ‘ஸ்கூல்’ அவருக்கு வரப்பிரசாதமாகத் தெரிந்தது.

கடலோரச் சின்னப் பள்ளிக்கூடத்தில் அதிபர் அருளப்பு ஓட்டோவைக் கண்டதும் மணியை அடித்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். லைஃப் ஜக்கெட்டுக்கு மேலேயே மாலை விழுந்தது. ஆறாம் வகுப்பு வரவேற்புப் பாட்டுப் பாடியது. ஏழாம் வகுப்பு அதையே மறுபடி பாடியது. அந்த ஐயா கைதட்டிக்கொண்டே கடலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்.

அந்த அம்மா கில்பட்டை மெதுவாக ஓரத்துக்கு அழைத்தார். இரண்டு கையையும் அகல விரித்தார். ‘ஹன்ட்ரட்’ என்றார். பிறகு ‘ஜம்ப், ஜம்ப்’ என்று கையை வளைத்து வளைத்துக் காட்டினார்.

“என்னவாம்?” என்றார் அருளப்பு.

“இது காணாதாம் சேர். நூத்துக்கணக்கில பிள்ளைகள் வேணுமாம். பாயவும் வேணுமாம்.”

“அப்ப டவுன் பக்கம் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோ. அங்க விளையாட்டுப் போட்டிக்குப் பழகிறாங்க. நல்லாப் பாயுவாங்க.”

பெரிய பள்ளிக்கூட மைதானத்தில் உண்மையாகவே உயரம் பாய்தல் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு விருந்தினர் என்றதும் கொடி ஏறியது, பாண்ட் வாத்தியம் முழங்கியது, செவ்விளநீர் வந்தது. நூறு பேர் வரிசையாக வந்து கம்புக்கு மேலால் பாய்ந்தார்கள். அந்த ஐயாவின் கையில் வெற்றிக் கிண்ணமொன்றைக் கொடுத்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா எழுந்து மேற்குப் பக்கம் கையை நீட்டி, “சீ! சீ!” என்று கூவினார்.

கில்பட் மகிழ்ச்சியோடு திரும்பினார். “பாக்கணுமாம்! இன்னும் பாக்கணுமாம்! பிள்ளைகளே, திரும்பவும் பாயுங்க!”

நூறு பேரும் திரும்பவும் பாய்ந்தார்கள். அந்த அம்மா கதிரையில் சாய்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். வெயிலாக்கும் என்று கில்பட் ஒரு குடையும் வருவித்தார்.

அப்போதுதான் ஆங்கில ஆசிரியை ஃபர்ஸானா வந்து சேர்ந்தாள். தம்பதியிடம் இரண்டு நிமிடம் கதைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கில்பட்டிடம் வந்தாள்.

“அங்கிள், இங்கிலீசில மீன் கூட்டத்துக்கும் ஸ்கூல் எண்டுதான் சொல்ற. இண்டைக்குப் பெரிய டொல்பின் கூட்டம் ஒண்டு பாக்கேலுமா எண்டு கேட்டிருக்காங்க.”

“அப்ப ‘சீ’ எண்டது?”

“கடல், அங்கிள்.”

கில்பட் மைதானத்தின் நடுவில் அப்படியே நின்றார். பாண்ட் வாத்தியம் மட்டும் நிற்கவில்லை.

கரைக்குத் திரும்பும்போது பத்து மணி. காற்று எழும்பிக் கடல் நுரைத்துக் கிடந்தது. இனி இன்றைக்குப் படகு போகாது. போய் வந்த மற்றப் படகுக்காரர்கள், முந்நூறு டொல்பின் என்று சொல்லிக்கொண்டு எஞ்சினைக் கழற்றினார்கள். அந்தத் தம்பதிக்கோ கோபமே இல்லை. ஃபர்ஸானா விளக்கியதிலிருந்து வழியெல்லாம் சிரித்துச் சிரித்து அந்த ஐயாவின் முகம் சிவந்திருந்தது. அந்த அம்மா கில்பட்டின் இரண்டு கையையும் பிடித்து என்னவோ சொன்னார். ‘தாங்க் யூ’ விளங்கியது. ‘டுமொரோ’ விளங்கியது. அந்த இரண்டு சொல் போதாது என்பதும் கில்பட்டுக்கு நன்றாக விளங்கியது.

ஜெமீலின் தேநீர்க் கடையில் சங்கத்து ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். பள்ளிக்கூடக் கதை ஓட்டோவை முந்திக்கொண்டு வந்துவிட்டிருந்தது. கில்பட் உள்ளே வந்ததும் சிரிப்பு அடங்கியது.

அவர் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

“நான் உங்க எல்லாரிட்டயும் பொய் சொல்லிப்போட்டன். எனக்கு இங்கிலீசு வரல்ல. நூத்துக்குப் பதினாலு. நீங்க என்ன நம்பி அவ்வளவு தூரம் அனுப்பினீங்க. நானெண்டா அங்க காலைல இருந்து பின்னேரம்வரைக்கும் பிழையாக் கதைச்சன், சிரிச்சன், சாப்பிட்டன், வந்துட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க. அடுத்தமுறை விசயம் தெரிஞ்ச ஒருத்தன அனுப்புங்க.”

நிக்கொலஸ் மூக்கைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்தார்.

ஜெமீல் ஒரு பிளேன்ரீயைக் கொண்டுவந்து கில்பட்டின் முன்னால் வைத்தார்.

“இங்கிலீசு படிக்கவா ஒங்கள அனுப்பின, கில்பட் அண்ணன்? பொஞ்சாதி மௌத்தான நாளிலிருந்து பதினொரு மாசம் நீங்க ஒரு ஆளோட ஒரு சொல்லுக் கதைக்கல்ல. தமிழாவது திரும்பி வரட்டும் எண்டுதான் இவங்க எல்லாரும் சேந்து அனுப்பி வச்ச.”