என் வயிற்றில் குடிவந்தவர்கள்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. நான் இங்கே நலம். நீங்கள், என் மகள், பேத்தி மூவரும் நலம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் போனை யாரும் எடுப்பதில்லை. இந்தக் கடிதத்தை என் மகளிடம் காட்ட வேண்டாம். படித்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள்.

விஷயம் என்னவென்றால், உங்கள் மாமியார் போன பிறகு எனக்குச் சுவரோடுதான் பேச்சு என்பது உங்களுக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தவனுக்கு, ரிடையர் ஆனதும் தப்பு நம்பர்கூட வருவதில்லை. அப்படி இருக்கையில், ஆராய்ச்சி மருத்துவமனையில் குடற்புழு ஆராய்ச்சிக்கு ஆள் தேவை, வாராவாரம் நர்ஸ் வீடு தேடி வந்து உடல்நலம் விசாரிப்பார் என்று ஒரு நோட்டீஸ் பார்த்தேன். புழு என்ற சொல் என் கண்ணில் படவே இல்லை மாப்பிள்ளை, விசாரிப்பார் என்பதுதான் பட்டது. போய்க் கையெழுத்துப் போட்டேன். கண்ணுக்குத் தெரியாத கொக்கிப்புழுக் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டு, அதில் துணியை நனைத்து முன்கையில் ஒட்டினார்கள். தோல் வழியாக உள்ளே போய்க் குடலில் குடியேறுமாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு வெறும் தண்ணீர்தான் வைப்போம், யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது, கடைசியில்தான் அதை எழுதி ஒட்டிவைத்த உறையைப் பிரித்துப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. அது மற்றவர்களுக்கு என்று விட்டுவிட்டேன். எனக்குத்தான் வீடு திரும்பும் வழியிலேயே கை அரிக்க ஆரம்பித்துவிட்டதே.

அன்றிலிருந்து வீட்டில் ஆள் நடமாட்டம் வந்த மாதிரி இருந்தது. காரத்தைக் குறைத்தேன், அவர்களுக்கு எரியுமே. உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டேன். காலையில் எழுந்ததும் தொப்புளைப் பார்த்து, "என்னப்பா, தூக்கம் வந்துச்சா?" என்று கேட்பேன், வயிறு கடமுடவென்று ஏதோ சொல்லும். என் மகளைவிட அது சீக்கிரம் பதில் சொல்லியது. நர்ஸம்மா வரும் நாளில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, விடிந்ததுமே நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிடுவேன். "வயிறு எப்படிங்கய்யா இருக்கு, சாப்பிட்டீங்களா, நல்லா தூங்குறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்பாள். கேட்பது அவள் வேலை, எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டது கேட்டதுதானே.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் டாக்டரம்மா என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். எத்தனை முறை சோதித்தும் மலத்தில் ஒரு புழுமுட்டைகூட இல்லையாம். "உங்க உடம்பு விரட்டிடுச்சு போலிருக்கு ஐயா, சந்தோஷப்படுங்க" என்றார். என்னைக் கேட்காமல் அது எப்படி விரட்டும் என்று சண்டைக்குப் போனேன். பாவம், பொறுமையாகச் சொன்னார். புழு வந்ததும் குடலின் செல்கள் இன்டர்லூக்கின் என்ற பொடிப் பொடிப் புரதங்களைத் தூது விடுமாம். தூது போய்ச் சேர்ந்ததும் பாதுகாப்புச் செல்கள் கூடிவிடும், குடல் வழுவழுவென்று சளியைச் சுரக்கும், தசை நெட்டித் தள்ளும், புழு பிடி நழுவி வெளியே போய்விடும். சிலர் உடம்பில் இந்தத் தூது சரியாகப் போகாது, அல்லது வேறொரு தூது குறுக்கே வந்து அமுக்கிவிடும். அவர்களுக்குள் புழு வருஷக்கணக்கில் சொகுசாக இருக்குமாம். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை மாப்பிள்ளை. என் குடும்பத்துல ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் போய்ச் சேரமாட்டேங்குது, வயித்துக்குள்ள மட்டும் எக்ஸ்சேஞ்ச் ராப்பகலா வேலை செய்யுது. அதுவும் எதுக்கு, நம்மளைத் தேடி வந்த நாலு பேரைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுறதுக்கு.

உறை பிரிக்கிறதுதான் பாக்கியாம், இனிமே நர்ஸம்மா வரமாட்டாங்களாம். இன்னொரு தடவை ஒட்டுங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன், அதுக்கு அனுமதி இல்லைன்னுட்டாங்க. போன வாரம் அவங்க வர்ற நாள்ல பழக்கதோஷத்துல சட்டையை மாத்திக்கிட்டு உட்கார்ந்துட்டேன். இருட்டினப்புறம்தான் எழுந்தேன். தனியா இருக்க முடியலை மாப்பிள்ளை. அதனால நீங்க அந்த டாக்டரம்மாவுக்கு நாலு வரி எழுதி, எங்க மாமா உடம்பு இனிமே ஒழுங்கா நடந்துக்கும், இன்னொரு வாய்ப்புக் கொடுங்கன்னு கேளுங்க. மகளுக்குத் தெரிய வேண்டாம். அப்பா ஆள் துணைக்குப் புழு வாங்கப் போனாருன்னா அவளுக்கு அவமானம்.

உங்கள் மூவரையும் நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும். பேத்திக்கு என் முத்தம், நான் யாரென்று முதலில் சொல்லிவிட்டு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டப்போன நேரத்தில் நர்ஸம்மா போன் செய்தாள். ஆராய்ச்சி உறையைப் பிரித்துவிட்டார்களாம். எனக்கு ஒட்டியது வெறும் தண்ணீர். என் உடம்பு யாரையும் விரட்டவில்லை, அதன்மேல் வீணாகப் பழி போட்டுவிட்டேன். யாரும் வரவே இல்லை. இத்தனை நாளும் வீட்டில் நான் ஒருத்தன்தான் இருந்திருக்கிறேன். டாக்டரம்மாவுக்கு எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தை என் மகளிடமே கொடுத்துவிடுங்கள். திட்டுவதற்காவது கூப்பிடட்டும். நாற்காலியை வாசலிலிருந்து எடுத்துப் போன் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.