செட்டையரின் பன்னிரண்டாவது அம்பு

இந்த உலகத்தில் இடச் செட்டை, வலச் செட்டை என்று இரண்டே சாதிதான் உண்டு என்று நம்பிய தமிழர் சுவிஸ் முழுக்கத் தேடினாலும் ஒரேயொருவர்தான். அவர் ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தார். தபால்பெட்டியில் அவருடைய பெயர் இடம் போதாமல் பாதியிலேயே நின்றிருந்தது. மீதியை யாரும் விசாரிக்கவில்லை. எங்களுக்கு அவர் செட்டையர்.

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வேலை முடிந்தால் வில்வித்தைச் சங்கம். மரவில்லும் மர அம்புமாகப் பழைய முறையில் எய்கிற சுவிஸ்காரர்களின் சங்கம் அது. செட்டையரை ஒரு வருஷம் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் விடுகிற அம்பு எங்கே போகும் என்று அந்த அம்புக்கே தெரியாது. ஆனால் அம்பின் வாலில் ஒட்டுகிற இறகைத் தயார் செய்வதில் அவரை வெல்ல ஆளில்லை. எப்படியாவது அந்தச் சங்கத்தில் உறுப்பினராகிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

"பாஸ்போட் எத்தினை பேருக்குக் குடுத்திட்டாங்கள் தங்கச்சி. இது அப்பிடியில்லை" என்பார் என்னிடம்.

ஒரு பண்ணையிலிருந்து வெள்ளை வான்கோழி இறகு சாக்குச் சாக்காக வரும். முதலில் பையில் கட்டி இரண்டு நாள் ஃப்ரீசருக்குள். உண்ணி சாகவேண்டுமாம். ஒருநாள் விருந்தாளிகள் வந்திருந்தபோது அவர் மனைவி மலர் அக்கா, குழம்புக்கென்று அந்தப் பையை எடுத்துச் சுடுதண்ணீருக்குள் போட்டுவிட்டார்.

"இதென்னப்பா, கோழி வாங்கி வைச்சிருக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன்!"

"கோழியில்லை, அதின்ரை உடுப்பு" என்றார் செட்டையர், பதறாமல்.

ஃப்ரீசருக்குப் பிறகு குழந்தைகளின் ஷாம்பூவில் கழுவல். காய்ந்ததும், நெளிந்த இறகுகளை நிமிர்த்துவதற்கு ஆவி பிடித்தல். அதற்கு மலர் அக்காவின் புட்டுப் பானைதான் வசதி என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு கடையில் வாங்கிய பாண் ரொட்டிதான். நிமிர்ந்த இறகின் நடுத்தண்டை பிளேடால் நெடுகப் பிளந்து, தேய்த்துத் தட்டையாக்கி, அளவாக வெட்டவேண்டும். ஓர் அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் ஒரே பக்கச் செட்டையிலிருந்து, அதாவது ஒரே பக்கச் சிறகிலிருந்து, வந்திருக்க வேண்டும். இடமும் வலமும் கலந்தால் அம்பு குழம்பிப் போய்விடும்.

இந்த உபதேசத்தை அவர் கலியாண வீட்டிலும் செய்வார், செத்த வீட்டிலும் செய்வார். ஒருமுறை பஸ்ஸில், தொப்பியில் இறகு குத்தியிருந்த ஒரு சுவிஸ் பெண்மணியை எட்டிப் பார்த்து, "உங்களுடையது வலச் செட்டை" என்று நல்ல ஜெர்மனில் சொல்லிவிட்டார். அந்த அம்மா அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டார். அது அவர் இறங்க வேண்டிய இடந்தானா என்று தெரியவில்லை.

இப்படி இருக்கையில் சங்கத் தலைவருக்குக் கழுத்தில் ஒரு சொறி. தலைவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, சந்தேகப் பிராணி. இறகில்தான் ஏதோ கிருமி என்று அவர் முணுமுணுத்த நாளிலிருந்து செட்டையருக்கு நித்திரை போய்விட்டது. எங்கள் கட்டடத்தில் நிலக்கீழ்ச் சலவையறை வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை. செட்டையரின் முறைநாளன்று, அங்கே நான் மறந்துவிட்டு வந்த காலுறையை எடுக்கப் போனேன். வாளி நிறைய இறகோடு உட்கார்ந்திருந்தார்.

"வருஷம் முடியிற நேரத்திலை கிருமி எண்டு கழிச்சுப் போடுவாங்களோ, தங்கச்சி?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மஞ்சளைப் போடுங்கோ அண்ணை. அம்மை வந்த வீட்டிலையே மஞ்சள்தானே தெளிக்கிறனாங்கள்" என்றேன். என் வீட்டு மஞ்சள்தூளில் அரைப் பைக்கற்றைக் கொண்டுவந்து நானே கொட்டினேன்.

கிருமி செத்ததோ தெரியாது. ஒரு டசின் அம்புக்கான இறகும் நேர்த்திக்கடன் துணி போல மஞ்சளாகிவிட்டது. கிருமிப் பயம் விட்டதால் தலைவர் அதற்கும் தலையாட்டினார்.

மே மாதம் சங்கத்தில் விருந்தினர் நாள். செட்டையர் வாட்ஸ்அப்பில் எல்லாத் தமிழருக்கும் அழைப்பு அனுப்பி, ஆளுக்கொரு மஞ்சள் அம்பைக் கையில் கொடுத்தார். பன்னிரண்டாவது அம்பு எனக்கு. இலக்குப் பலகையைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பார்த்து வளர்ந்தவள் நான். விட்டேன். பலகைக்கு மேலால் போய்ப் புல்வெளிக்குள் மறைந்தது.

அப்போதுதான் எல்லாரும் அந்தப் புல்வெளியைப் பார்த்தோம். லோவன்சான் என்று இங்கே சொல்கிற புல்வெளிப் பூ பூத்துக் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள்.

பதினொரு அம்பும் வந்துவிட்டன. என்னுடையது வரவில்லை. சுவிஸ்காரரும் தமிழருமாக வரிசை கட்டி, முழந்தாளில் தவழ்ந்து இரண்டு மணிநேரம் தேடினோம். நிலத்துச் சொந்தக்காரர் ட்ராக்டரில் வந்து இறங்கினார். நாளைக் காலை புல் வெட்டப் போகிறார். அம்பு முனை புல்லோடு போய் மாட்டின் வயிற்றுக்குள் இறங்கினால் மாடு செத்துவிடும். இன்றைக்குள் கிடைக்காவிட்டால் இனிச் சங்கத்துக்கு இந்த நிலம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

தலைவரின் கழுத்து, சொறி இல்லாமலே சிவந்தது. "மஞ்சள் யாருடைய யோசனை?" என்று கேட்டார்.

நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"என்னுடையது" என்றார் செட்டையர். "அம்பைக் கொடுத்ததும் நான்தான்."

பிறகு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் எழும்பி வாங்கோ. மலர், தேத்தண்ணியை ஊத்தும்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரோ? சங்கத்தாலை உங்களைக் கலைக்கப் போறாங்கள்!" என்றார் மலர் அக்கா, அழாத குறையாக.

"ஆறு மணி மட்டும் பொறும். ஆஸ்பத்திரி ஏழாம் மாடிச் சன்னலாலை எத்தினை வருஷமாப் பாக்கிறன். பின்னேரமானா இந்தப் பூவெல்லாம் மூடிப்போடும். வெளி பச்சையாப் போகும். என்ரை இறகு மூடாதெல்லோ."

ஜெர்மனிலும் சொன்னார். தலைவர் நம்பவில்லை, ஆனால் மலர் அக்கா பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸை நம்பி உட்கார்ந்தார். வெயில் சரியச் சரியப் பூக்கள் ஒவ்வொன்றாகக் கூம்பின. ஆறரை மணிக்கு வெளி முழுக்கப் பச்சை. வேலியோரமாக ஒரேயொரு மஞ்சள் மட்டும் நிமிர்ந்து நின்றது.

முதலில் ஓடியவர் தலைவர். அம்பைப் பிடுங்கி வந்து நிலக்காரரிடம் காட்டிவிட்டு, அந்த இடத்திலேயே செட்டையரை உறுப்பினராக்கினார். அவருக்குச் சொன்ன ஒரு வருஷம் முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குத் தாங்கவில்லை. "ஏன் அண்ணை, மஞ்சள் இவ சொன்னது எண்டு என்னைக் காட்டியிருக்கலாமே?"

"சொன்னா நீர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கமெல்லோ? அம்பு குழம்பிப் போகும், தங்கச்சி. நாங்கள் ஒரே செட்டை."

இப்போது அவரும் மலர் அக்காவும் துன் நகரப் பக்கம் குடிபோய்விட்டார்கள். மேல்மாடியில் வேறு யாரோ ஒழுங்காகப் புட்டு அவிக்கிறார்கள். நான் இடச் செட்டையா வலச் செட்டையா என்று அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம், எனக்கு அது போதும்.