மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாள்

அன்புள்ள துமிரா அத்தைக்கு,

ரெம்பாங்கிலிருந்து வினார்த்தி எழுதுவது. இறைவன் அருளால் நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்கே தெரியும்.

அப்பாவின் ரத்த அழுத்தம் நூற்றெண்பது என்று டாக்டர் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார், நீங்கள் ஆறு வருடமாகப் போடும் அதே மாத்திரை. உப்பையும் குறைக்கச் சொன்னார். "நான் உப்பைக் குறைச்சா ஊரு எதத் திங்கும்?" என்று கேட்டுவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பினார் அப்பா. ஆனாலும் மாத்திரையைப் பத்து நாள் ஒழுங்காகப் போட்டார். பதினோராம் நாள் அம்மா பெட்டிக்குள் இருந்த தாளை நீட்டி, "நம்ம குடும்பத்துலயே நீதான் பட்டம் வாங்குனவ, என்ன போட்டிருக்குன்னு படி" என்றாள். கல்லூரியில் நாலு வருடம் வாயே திறக்காதவள் நான். பக்கத்து வீட்டு கஸ்மினா அக்கா உட்பட ஏழு பேர் பாயில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் நிறுத்தத் தெரியாமல் கால் வீக்கம், தலைசுற்றல், படபடப்பு என்று ஒரு வரி விடாமல் வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்த பெரிய கோளாறுகள் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்றும் விளக்கினேன். "அந்த ஒருத்தன் நான்தான்" என்றார் அப்பா. "ஊர்க் குலுக்கல்ல ஒரு குடைகூட விழுந்ததில்ல. இதுல கரெக்டா விழும் பாரு."

அன்று மாலையே அவருக்குக் கால் வீங்கியது. இருபது வருடமாக உப்புத் தண்ணீரில் நிற்கும் கால், எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்றேன். "தாள்ல போட்டிருக்குன்னு நீதானடி படிச்ச?" என்றார். மாத்திரை நின்றது. இப்போது வைத்தியம் வெள்ளரிக்காய், அதுவும் நம் உப்பைத் தூவி. போன வெள்ளிக்கிழமை உப்பளத்தில் உப்பு வாரும் கட்டை அப்பாவின் கையிலிருந்து நழுவி, அரைமணி நேரம் வாய் குழறியது. பிறகு சரியாகிவிட்டது. அடுத்த முறை சரியாகாமலே போகலாம் என்கிறார் டாக்டர். அப்பாவோ, "கை மரத்துப்போச்சு, அவ்வளவுதான்" என்கிறார்.

அத்தை, அவர் பயப்படுவது உங்கள் ஒருவருக்குத்தான். உடனே வந்து, 'நானும் இதத்தான் போடுறேன், கல்லு மாதிரி இருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இறைவன் உங்கள் ஆயுளை நீட்டித்துத் தரட்டும். மாமாவுக்கு என் வணக்கம்.

உங்கள் மருமகள்,
வினார்த்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது கஸ்மினா அக்கா வந்தார். நான் வாசித்ததை செமாராங்கில் உங்கள் தெருவில் இருக்கும் தன் மகளிடம் ஒன்று விடாமல் சொன்னாராம். அதைக் கேட்டு நீங்களும் போன வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டீர்களாம், கால் வேறு வீங்குகிறதாம். அத்தை, நீங்கள் வர வேண்டாம். இதை இன்றிரவு பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, நாளைக் காலை பஸ்ஸில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். எதையும் வாசிக்க மாட்டேன்.