கேமராவுக்குள் இரண்டு அமீருன்னிசா

கோரிப்பாளையம், மதுரை
பிப்ரவரி 1938

பினாங்கில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் சிஹாபுதீன் அவர்களுக்கு, ஜவுளிக்கடை அப்துல் வஹீது சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் என் தங்கை அமீருன்னிசாவும், நீங்கள் இன்னும் கண்ணால் காணாத உங்கள் மகள் ரோஷனும் நல்ல சுகம். நான்தான் சுகமில்லை. காரணம் நீங்கள் அனுப்பிய கேமரா.

வெளியாள் முன்னால் முக்காட்டை விலக்க மாட்டேன், அண்ணன்தான் எடுக்க வேண்டும் என்று தங்கை சொல்லிவிட்டாள். படம் வந்தால் அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு வருஷம் ஓட்டிவிடுவேன் என்று நீங்களும் எழுதிவிட்டீர்கள். சரி என்று கண்ணை வைத்தால் உள்ளே அமீருன்னிசா இரண்டு பேர். ஒருத்தியையே சமாளிக்கத் தெரியாதவன் நான். வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கி அமுக்கச் சொன்னீர்கள். திருகினேன், மூக்கும் மூக்கும் சேர்ந்தது, ‘அசையாதே’ என்றேன், அசைந்தாள், மறுபடி திருகினேன், மறுபடி அசைந்தாள். சனியன் பிடித்த திருகலே வேண்டாம் என்று கடையிலிருந்து கஜக்கோலை எடுத்து வந்து தூரத்தை அளந்து, வளையத்தை அந்த எண்ணிலேயே வைத்தேன். துணி அளக்கிற கையாயிற்றே, ஒவ்வொரு கஜத்துக்கும் கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டது போலிருக்கிறது. படத்தில் தங்கை பனிமூட்டம். அவளுக்கு முன்னால் இருந்த பால் செம்பு மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

பிலிம் கழுவித் தருகிறவர் நம் தாய்மாமா உமர் பாரூக். கை நடுக்கம், படம் பிடிக்க முடியாது, ஏச மட்டும் முடியும். “கன்னத்துல என்னத்தடா பாக்குற? நேரா ஒரு கோடு இருக்கிற இடமாப் பாத்து, அது ஒத்து நிக்கிற வரைக்கும் திருகு” என்றார். நேர்கோடு என்றதும் ஜவுளிக்காரன் கண் எங்கே போகும்? முழங்காலில் கிடந்த சேலைக் கரைக்குத்தான் போனது. கரையில் இழை இழையாக எண்ணலாம். முகம்தான் யாருடையது என்று தெரியவில்லை.

இனி இது எனக்கு ஆகாது. அடுத்த கப்பலில் கேமரா திரும்பி வரும். படம் இல்லாமலேயே அந்த வருஷத்தை ஓட்டிவிடுங்கள். நீங்கள் வரவில்லையே என்று தங்கை ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்கள் உடம்புக்கும் தொழிலுக்கும் பரக்கத் கேட்டு துவா செய்யும்,
அப்துல் வஹீது

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம். கேமராவும் வராது, தங்கை அதைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். உறையை ஒட்டப் போகும்போது மாமா இன்னொரு படத்தோடு வந்தார். நான் கடைக்குப் போன நேரத்தில் ரோஷனை மடியில் வைத்துக்கொண்டு, பீரோக் கண்ணாடியைப் பார்த்து தங்கையே எடுத்திருக்கிறாள். ரோஷனின் இமை மயிர்கூடத் தெரிகிறது. தாயின் முகத்தைத்தான் கேமரா மறைத்துவிட்டது. ஒரு கண் மட்டும் வெளியே. “இம்புட்டு அசையாம இருக்கத் தெரிஞ்சவ எனக்கு மட்டும் ஏம்மா அசைஞ்ச?” என்று கேட்டேன்.

“படம் நல்லா வந்தா அவுக அங்கனயே இருந்துருவாகளேண்ணே. பிள்ளைய முழுசாப் பாக்கட்டும். என்னோட மிச்சத்த நேர்ல வந்து பாத்துக்கிடச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன், மச்சான்.