அந்தியேட்டிக்குப் பின்பக்கமாகப் போன கார்

யானைமுகத்தோன் முன்னிற்க. சாம்பலை விரும்பி அணியும் அவன் தந்தை என் பிழை பொறுக்க.

ஆவணி மாதத்து வளர்பிறைத் துவாதசி, வியாழக்கிழமை. என் தமையனார் இறந்த முப்பத்தோராம் நாள். அன்று நான் செய்த காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்பது. அறியாப் பருவம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

அண்ணை விட்டுச் சென்றவற்றுள் கியர் தானே மாறும், முப்பது வருடப் பழைய ஓட்டோமற்றிக் கார் ஒன்றும் இருந்தது. அந்தியேட்டிக் கிரியையில் கரைப்பதற்காக அஸ்தியைக் கீரிமலைக் கடலுக்குக் கொண்டு செல்ல, அவர் மகன் குமரன் வாடகை வான் ஒன்று ஒழுங்கு செய்திருந்தான். நான் தடுத்தேன். "அண்ணை தன்ரை காரிலைதான் போகவேணும்" என்றேன். (செத்தவீட்டில் உரத்துச் சொன்னதால் அது பக்தியாகத் தோன்றிவிட்டது.)

காரோ சுகமாக இல்லை. முன்னே போகும் 'டி'யில் போட்டால் சற்று யோசித்த பின்பே அசையும். மிதித்தால் எஞ்சின் அலறும், வேகம் கூடாது. கார் திருத்தும் கராச்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"ஐயா, எஞ்சினைச் சூடாக்கி, ஓடவிட்டபடியே கியர் எண்ணெய் அளக்கிற கோலை இழுத்து மணந்து பாருங்கோ. கருகின மணம் அடிச்சால் உள்ளுக்கை கிளச் தட்டுகள் எரிஞ்சு போச்சு. பிறகு காரை வெளியிலை எடுக்காதேங்கோ."

சொன்னபடியே செய்தேன், காலைப் பூசை முடிந்த கையோடு. அரைமணி நேரம் சாம்பிராணிப் புகைக்குள் பதிகம் ஓதிவிட்டு வந்த மூக்கு அது. எண்ணெய் கறுத்திருந்தது. (பழைய கார், கறுக்காமல் என்ன செய்யும்?) கருகிய மணமும் வந்தது. சாம்பிராணி என்று தீர்மானித்தேன். அத்துடன் நில்லாமல், "எண்ணெய் தெய்வீக மணமாயிருக்கு" என்று குமரனுக்கும் அறிவித்தேன். அவன் வானை வேண்டாமென்று சொல்லிவிட்டான்.

மாவிட்டபுரச் சந்தி வரை கார் வந்தது. பின் ஆசனத்தில் அண்ணையின் மனைவி, என் மச்சாள், வெள்ளைத் துணி கட்டிய, அஸ்தி இருந்த மண்முட்டியை மடியில் வைத்திருந்தார். முப்பது நாளாக அவர் அழவுமில்லை, யாரோடும் கதைக்கவுமில்லை. சந்தியில் நிறுத்தி மீண்டும் மிதித்தேன். எஞ்சின் அலறியது; கார் நின்ற இடத்திலேயே நின்றது. முன்னே போகும் கியர்கள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்றும் பிடிக்கவில்லை.

"சித்தப்பா, உங்கடை சாம்பிராணி மணக்குது" என்றான் குமரன்.

குருக்கள் பத்து மணிவரைதான் காத்திருப்பார். பிறகு அவருக்கு வேறொரு வீட்டுக் கிரியை. மணி ஒன்பதரை. ஓட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. கடைசியாக றிவேசில் போட்டேன். கார் உடனே, மிக்க மரியாதையோடு, பின்னால் நகர்ந்தது.

குமரன் இறங்கித் தள்ள, காரின் முதுகைக் கீரிமலைப் பக்கம் திருப்பினோம். பிறகு அப்படியே பின்னோக்கி ஓட்டினேன். கழுத்தைத் திருகிப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்துக்கு நேரே, மச்சாளின் மடியில், அண்ணை. சைக்கிளில் எங்களை முந்திய பெரியவர் ஒருவர் சிரிப்போடு உள்ளே எட்டிப் பார்த்தார்; முட்டியைக் கண்டதும் தோள் சால்வையை இறக்கிக்கொண்டார்.

"சுடலையிலை திரும்பிப் பாக்கக் கூடாதெண்டு எனக்குச் சொன்னது நீங்கள்தானே, சித்தப்பா?"

"வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்."

"எந்தப் பக்கத்து ரோட்டை?"

அப்போது மச்சாள் கதைத்தார்.

"விடுங்கோ தம்பி. மனுசனுக்குப் போக மனமில்லை. வீட்டைப் பாத்தபடியே போகுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நடுவழியில் அழுகையாயிற்று. முப்பது நாள் வராத அழுகை முழுவதும் வந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி அசையுமோ என்ற பயம் ஒன்று. என் கண்ணும் தெளிவாக இல்லை என்பதை அவர்கள் காணக் கூடாதென்பது மற்றொன்று.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, குருக்களின் முன்னால் காரின் டிக்கி முதலில் போய் நின்றது. அவர் காரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தர்ப்பையை எடுத்தார். அண்ணை கடலோடு கலந்தார்.

இன்றும் நான் வருவதாகத் தொலைபேசியில் சொன்னால் மச்சாள் கேட்பார்: "முன்னாலையோ, பின்னாலையோ தம்பி?"

"ஓம், பின்னாலைதான்" என்பேன். அவர் சிரிக்கும்வரை தொலைபேசியை வைப்பதில்லை.

இதை வாசிப்போர் யாவரும் சுகமே புறப்பட்டுச் சுகமே வீடு சேர இறையருள் துணை நிற்பதாக.