செல்லாத தாளுக்கு ஒரு ரிப்பேர்

தாளில் என்ன கோளாறு என்று ஞானராஜுக்குப் பிடிபடவே இல்லை.

கோடு போட்ட நோட்டுத் தாள். மேலே 'டிரஸ்ட் பத்திரம்' என்று தலைப்பு. அதன் கீழே சகாயராஜ் மாமாவின் குண்டு குண்டான எழுத்து: 'என் காலத்துக்குப் பிறகு என் வீட்டை என் தங்கை மகன் ஞானராஜ் பொறுப்பில் வைத்து, என் மகள் கிளாராவை அதில் கடைசி வரை குடியிருக்க வைக்க வேண்டும். தோட்டத்துத் தென்னை இரண்டின் காயும் ஞானராஜுக்கு.' தேதி இருந்தது. கையெழுத்து இருந்தது. பக்கத்து வீட்டு விருத்தாசலம் சாட்சி போட்டிருந்தார்.

ஆனாலும் செல்லாதாம். மாமாவின் மகன் அந்தோணி பிரபு பாண்டிச்சேரியிலிருந்து போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

"மச்சான், அந்தத் தாளு மல்லாட்டைக் கொட்டை பொட்டலம் மடிக்கத்தான் ஆவும். வீட்டை வாங்க இப்பவே பார்ட்டி ரெடியா கீது."

கிளாராவுக்கு நாற்பது வயது. யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிடுவாள். போன வாரம் குடம் இரவல் கேட்டவளுக்குத் தண்ணீரோடு தூக்கிக் கொடுத்தாள். வீட்டை அவள் பேரிலேயே எழுதினால், அதையும் யாராவது கேட்கும் வரைதான். அதனால்தான் இந்த ஏற்பாடு. பார்த்துக்கொள்வது ஒருவர், அனுபவிப்பது இன்னொருவர். டிரஸ்ட் என்பது அவ்வளவுதான்.

ஞானராஜ் திண்டிவனத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவர். இருபது வருஷத்தில் ஒருத்தரிடமும் 'புதுசு வாங்கிக்குங்க' என்று சொன்னதில்லை. தாளையும் அதே மாதிரிதான் கையில் எடுத்தார்.

முதலில் பத்திரம் எழுதுகிற துரைக்கண்ணுவிடம் போனார்.

"யோவ் ஞானம், டிரஸ்ட்டுன்னு தலைப்பு போட்டுக்கீறாரே உங்க மாமா! வீடு, நிலத்தை டிரஸ்ட்டா வைக்கணும்னா பதிவு பண்ணணும்யா. கையால எழுதி பீரோவுல பூட்டி வெச்சா ஆவாது."

"உயில்னா?"

"உயிலுக்குப் பதிவு கட்டாயமில்ல. ஸ்டாம்பு பேப்பரும் வேணாம். வெள்ளைத் தாளு, கையெழுத்து, போதும்."

ஞானராஜ் முகம் மலர்ந்தது. ஒரே ஒரு பார்ட்தான் தப்பு! அங்கேயே ஒரு பேனாவை வாங்கி 'டிரஸ்ட்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'உயில்' என்று எழுதினார். மாமா எழுதியது நீல மை. துரைக்கண்ணுவின் பேனா சிவப்பு.

மறுநாள் பஸ் பிடித்து விழுப்புரம் போனார். அவருக்குத் தெரிந்த ஒரே வக்கீல் பிரபாவதி, அடுத்த கேஸுக்கு ஓடுகிற அவசரத்தில் கோர்ட் வராந்தாவில் நின்றபடியே தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதை யாருங்க அடிச்சது?"

"நான்தாங்க மேடம். சரிபண்ணினேன்."

"ஐயோ! தலைப்புல 'இட்லி'ன்னு எழுதியிருந்தாக்கூடப் பரவாயில்லீங்க. உள்ள 'என் காலத்துக்குப் பிறகு'ன்னு இருக்குது இல்ல? அப்ப அது உயில்தான். உயிலுக்குள்ளயே டிரஸ்ட் வைக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. தலைப்பால ஒரு கெடுதியும் இல்ல."

"அப்ப எதாலங்க கெடுதி?"

"சாட்சி! ரெண்டு பேரு வேணும். ஒருத்தர்தான் போட்டிருக்காரு. இப்ப இந்தச் சிவப்பு மைக்கு வேற பதில் சொல்லணும்." உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். பிரபாவதி கறுப்பு கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு மறைந்தார்.

ஒரு ஸ்க்ரூ குறைகிறது, அவ்வளவுதானே! ஞானராஜ் வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"ரோஸ்லின், இங்க ஒரு கையெழுத்து போடு."

"எதுக்கு?"

"மாமா எழுதினதுக்கு நீ சாட்சி."

"அவரு எழுதும்போது நான் பாக்கவே இல்லியே."

"இது அவரு எழுத்தா, இல்லியா?"

"அவரு எழுத்துதான். 'ஜ' வாலு தெருமுனை வரைக்கும் போவுதே."

"அப்ப போடு, ஜல்தி!"

போட்டாள். அதைப் போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்பினார். பத்து நிமிஷத்தில் பிரபாவதியின் குரல் பதிவு வந்தது.

"யாருங்க இந்த ரோஸ்லின்? உங்க வீட்டம்மாவா? கிறிஸ்தவங்க உயில்ல ஒரு விதி இருக்கு. பலன் அடையறவரோட சம்சாரம் சாட்சி போட்டா உயில் நிக்கும். அவருக்கு எழுதினது மட்டும் போயிடும். உங்க தேங்கா போச்சு! அதுவுமில்லாம, எழுதினவரு கையெழுத்து போட்டதைக் கண்ணால பாத்தவங்க, இல்லன்னா 'இது என் கையெழுத்து'ன்னு அவரு வாயால சொல்லக் கேட்டவங்கதான் சாட்சி. இவங்க பாத்தாங்களா?"

ரோஸ்லினுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு கையெழுத்துல ரெண்டு மரம் போச்சா? கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல உன் பக்கத்துல நின்னு போட்டேனே ஒரு கையெழுத்து, அதுக்கே இன்னும் ஒண்ணும் வந்து சேரல!"

"பேஜாரு பண்ணாத. எடுத்துடலாம்."

ஒயிட்னர் வாங்கி வந்து மனைவியின் கையெழுத்தை மூடினார். பிரஷ் வழுக்கி, மாமாவின் கையெழுத்தில் பாதியும் மூடிக்கொண்டது. காய்வதற்குள் பிளேடால் சுரண்டினார். 'சகாயராஜ்' இருந்த இடத்தில் 'சகா' மட்டும் மிஞ்சியது, மிச்சம் ஓட்டை. அதன் வழியாக ரோஸ்லின் அவரைப் பார்த்தாள்.

"அந்தோணி பிரபுவுக்கு வேலையே இல்ல. நீயே முடிச்சிட்ட."

ஞானராஜ் தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டார். தாள் இதற்கு மேல் கிழியக் கூடாது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெயம் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, லேமினேஷன் போடச் சொன்னார்.

"ஒரிஜினலையா? கோர்ட்டுக்குப் போற தாளை லேமினேஷன் பண்ண மாட்டாங்கண்ணே."

"நீ போடும்மா. இது இனிமே யாரு கையிலயும் படக் கூடாது. முக்கியமா என் கையில."

போட்டாள். காயாத ஒயிட்னர் சூடான உருளையில் ஒட்டியது. மெஷின் ஒரு முறை இருமியது. தீய்ந்த வாசனை வந்தது. பிறகு தாள், பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு, நாலு துண்டாக வெளியே வந்தது. ஒரு துண்டில் 'கிளாரா' என்று இருந்தது. வேறெதையும் படிக்க முடியவில்லை.

ஞானராஜ் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது.

"போச்சும்மா. வக்கீலம்மா வரைக்கும் போய்ப் பாத்துட்டேன். அந்தப் புள்ளைக்கு இருந்தது இந்த ஒரு தாளுதான். வீடு கைமாறிடும். கேட்டா சிரிச்சிக்கினே சாவியைக் குடுத்துடுவா."

தினமும் நாலு உயிலாவது ஜெராக்ஸ் எடுக்கிற ஜெயம், மெஷினை அணைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அழாதீங்கண்ணே. எழுதினவரு எப்ப தவறினாரு?"

ஞானராஜ் நிமிர்ந்தார். "தவறினாரா? யாரு சொன்னது? காலையில கேப்பைக்கூழு ரெண்டு சொம்பு குடிச்சிட்டு, என் கடையில உக்காந்து பேப்பர் படிச்சிக்கினு இருக்காரு."

ஜெயம் மிச்சத் துண்டுகளைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"வக்கீலம்மா இதைக் கேக்கலியா?"

"கேக்கலியே. நானும் சொல்லல."

ஜெயம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் கையில் வைத்தாள். "அப்ப அவரையே புதுசா ஒண்ணு எழுதச் சொல்லுங்க, சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு பேரை எதிர்ல நிக்க வெச்சு அவரும் அவங்களும் கையெழுத்து போடட்டும், அவ்வளவுதாண்ணே!"