விடத்தலைச் செடிக்கு ஜன்னல் கொடுத்த கம்பெனி

முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்ததைப் பெரிய கொடை என்கிறார்கள். தேர் போனால் நடந்து போகலாம். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்று, ஒரு விடத்தலைச் செடிக்குத் தன் ஜன்னலையே கொடுத்தது. கொடை என்றால் அது!

ஜன்னல், பேஸ்டிங் செக்‌ஷனுடையது. மீனாம்பாள் அங்கேதான் நாளெல்லாம் தோலுக்கு ஒட்டுப் பசைச் சொல்யூஷன் தடவுகிறாள். நெடி தலைக்கேறினால் ஜன்னலில் முகத்தை வைத்து இரண்டு மூச்சு இழுத்துவிட்டு வருவாள். ஃபேன் கேட்டு வருஷமாகிறது. அது ‘பரிசீலனை’யில் சுகமாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே அந்தச் செடி. முள்ளும் தானுமாய்ச் சும்மா கிடந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வரப்போகிறார் என்றதும் ‘மண்ணின் மைந்தன்’ என்று போர்டு வைத்தார்கள். பூவும் வந்தது. மேலே ரோஸ், கீழே மஞ்சள். அத்தனையும் தலைகீழாகத் தொங்கியது.

கம்பெனி அதிர்ந்தது. ‘பசுமைக் கமிட்டி’ அவசரமாகக் கூடியது. விடத்தலை தொங்கித்தான் பூக்கும் என்று ஆட்டுக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தக் கம்பெனிக்குள் ஆடு தோலாக மட்டுமே வரலாம்.

“செடி ஏன்யா வாடுது?” என்றார் மேனேஜர் ஜெயப்பிரகாஷ்.

“ஜன்னல்லருந்து வர்ற நெடிதான் சார்,” என்றார் சூப்பர்வைசர் பரணிதரன்.

“அடப்பாவமே! வாயில்லா ஜீவன்! அந்த விஷத்தை எத்தினி நாளா சுவாசிக்குது?”

அன்றைக்கே ஜன்னலைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள்.

“சார், உள்ள நாங்க கீறோம் சார்,” என்றாள் மீனாம்பாள்.

“உனக்கு வாய் இருக்குதும்மா, வந்து சொல்ற. அது யார்கிட்ட போய்ச் சொல்லும்?”

“அப்போ எங்களுக்கும் ஒரு போர்டு வெச்சிடுங்க சார்,” என்றாள் பக்கத்து மேஜை டோரதி. மேனேஜர் அதையும் பரிசீலிப்பதாகச் சொன்னார்.

மறுநாள் மதியம் மீனாம்பாள் மேஜை மேலேயே சாய்ந்தாள். டோரதி அவளை இழுத்துப்போய்ச் செடியோரம் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கண் திறந்தபோது, மேனேஜர் தலைதெறிக்க ஓடி வருவது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் தனக்காக ஒரு மேனேஜர் ஓடி வருகிறார்! மீனாம்பாளுக்குக் கண் கலங்கியது.

“தூக்குங்க, தூக்குங்க! அந்தாண்ட கொண்டு போங்க அவள!” என்று கத்தினார் ஜெயப்பிரகாஷ். “மூச்சு விடறா பாரு, செடி மேல படப்போவுது!”